கையில் பிடித்து ஓட ஒரு தண்ணீர் பாட்டில்: சேலத்துச் சமதரைக்கும் ஏற்காட்டு ஏற்றத்துக்கும்

ஓடுவதற்கென்று தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை மில்லி பிடிக்கும்?" என்றுதான். பெரிதாக இருந்தால் ஒரு தடவை நிரப்பினால் போதும் என்று ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அது ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கும், ஓட்டம் பழையபடி வெறுங்கையோடு நடக்கும். கொள்ளளவு முக்கியம்தான். ஆனால் அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். கையில் அது எப்படி நிற்கிறது என்பது முதலாவது. ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரு வாய் குடிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமையாவிட்டால், பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது வயிற்றுக்குள் போகாது.

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. இங்கே ஒரே ஆள் வாரநாளில் ஒரு மாதிரியும் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரியும் ஓடுகிறார். வாரநாளில் காந்தி ஸ்டேடியம், கன்னங்குறிச்சி ரோடு, மூக்கனேரிப் பக்கம் என்று சமதரையில் ஐந்து கிலோமீட்டரோ எட்டோ. விடிகிற நேரத்தில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிடலாம். ஞாயிறானால் அடிவாரம். அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 20 கி.மீ. மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இடையில் இருக்கும் அந்த ஏற்றம் முழுவதையும் கால்தான் ஏற வேண்டும். சமதரைக்கு வாங்கிய பாட்டில் மலைக்குப் போதாது. மலைக்கு வாங்கியது சமதரையில் வீண் சுமை.

முன்பெல்லாம் வழியில் ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் பாக்கெட் வாங்கி, முனையைப் பல்லால் கிழித்து உறிஞ்சிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு விதித்த தடையில் அந்த பாக்கெட்டும் அடங்கிவிட்டது. தடை வந்தது நல்லதுதான். மலைச்சரிவில் செடிகளுக்கிடையே அந்தப் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் ஓடுகிறவருக்குக் கால் லிட்டர் மட்டும் வாங்கிக் குடிக்கிற வசதி போய்விட்டது. கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, கீழே ஊற்றவும் மனசு வராது. சொந்த பாட்டில் இல்லாமல் இனி முடியாது என்பதுதான் இன்றைய நிலை.

கையில் பாட்டிலைக் கட்டிக்கொண்டு ஓடும் வழக்கம் மலைப்பாதை ஓட்டக்காரர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் சியரா நெவாடா மலையில் குதிரைகளுக்காக நடந்துவந்த 100 மைல் போட்டியை 1974-ல் கார்டி ஆன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் ஓடியே 24 மணி நேரத்துக்குள் முடித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம். அந்தப் பாதையில் பள்ளத்தாக்குகள் அனலாகக் கொதிக்கும், தண்ணீர் கிடைக்கும் இடங்களுக்கு நடுவே தூரமும் அதிகம். இன்றைக்கும் அங்கே இரண்டு கையிலும் ஒவ்வொரு பாட்டிலோடு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். முதுகில் பை மாட்டினால் முதுகு வேகும், கையில் இருந்தால் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். இந்தக் கணக்கு சேலத்து ஏப்ரல் மாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

கை பிடிக்கக் கூடாது

கைபாட்டிலின் உயிர் அதைக் கையோடு சேர்த்துக் கட்டும் பட்டையில் இருக்கிறது. சாதாரண சிப்பர் பாட்டிலைக் கையில் பிடித்து ஓடிப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் விரல்கள் இறுகும், அந்த இறுக்கம் முன்கைக்கு ஏறும், அப்புறம் தோளைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிப்போம். நாம் கவனிக்காமலே நடக்கிற விஷயம் இது. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. அதை ஒரு மணி நேரம் விரலால் கவ்விப் பிடித்திருப்பது கைக்கு வேலைதான்.

ஓட்டத்தில் கை சும்மா ஆடுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னே போகும்போது உடல் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. எதிர்ப்பக்கக் கை ஆடுவதுதான் அதைச் சமன் செய்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரெல்லானோ, கிராம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினால் உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 3 சதவீதமும், மார்பில் கட்டிக்கொண்டால் 9 சதவீதமும், தலைமேல் வைத்துக்கொண்டால் 13 சதவீதமும் கூடியது. கையில் பாட்டில் இருப்பதும் கையைக் கட்டிப்போடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் பாட்டிலுக்குப் பயந்து ஒரு கையை ஆட்டாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக உழைக்கிறார்கள்.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தரச் சொல்லுங்கள், கடைக்காரர் தயங்கினாலும் பரவாயில்லை. கையைப் பட்டைக்குள் நுழைத்து, பட்டை புறங்கையின் நடுவில் வருகிற மாதிரி வைத்து இறுக்குங்கள். இப்போது ஐந்து விரலையும் நன்றாக விரித்துவிட்டுக் கையை ஓடுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பாட்டில் கீழே இறங்காமல், உள்ளங்கையை விட்டு விலகாமல் நின்றால் அது உங்கள் கைக்கான பாட்டில். விரலை மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றினால் வேண்டாம். சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது அவசியம். பல பட்டைகள் பெரிய கைக்கு வைத்துத் தைக்கப்பட்டவை, முழுக்க இழுத்தாலும் தொளதொளவென்றே இருக்கும். பெருவிரலுக்குத் தனி ஓட்டை உள்ள பட்டைகளும் வருகின்றன. அவை நன்றாக நிற்கும், ஆனால் வியர்வையில் பெருவிரலின் அடித்தோல் உரசிப் புண்ணாகலாம். மெத்தென்ற துணி உள்பக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பட்டையோடு ஒரு சின்னப் பை வரும். வீட்டுச் சாவி, ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு, ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைக்க அது போதும். சுடிதாரில் பாக்கெட் இல்லாமல் நடைக்கோ ஓட்டத்துக்கோ வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. போன் வைக்கிற அளவுக்குப் பெரிய பையோடும் விற்கிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். போன் இருநூறு கிராம் வாக்கில் எடை, அது கையின் நுனியில் சேர்கிறது. பாட்டில் மூடி கசிந்தால் போனும் போச்சு.

கெட்டி பாட்டிலா, சுருங்குகிற பாட்டிலா

சேலத்தில் பாட்டில் என்றதும் பலருக்கு எவர்சில்வர்தான் நினைவுக்கு வரும். சேலம் உருக்காலையில் 1980களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடு வந்துகொண்டிருக்கிறது, வீட்டுப் பாத்திரத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஓடும்போது எவர்சில்வர் பாட்டிலை அமுக்க முடியாது. அமுக்க முடியாத பாட்டிலைத் தலையை அண்ணாந்து சாய்த்துத்தான் குடிக்க வேண்டும். தலை பின்னால் போனால் கண் ரோட்டை விட்டுவிடும், மூச்சுக்குழாயும் குழம்பும். இரட்டைச் சுவர் வைத்த ஃபிளாஸ்க் என்றால் காலியாக இருக்கும்போதே கால் கிலோ வரும். அதை வண்டியிலோ காரிலோ வைத்துவிட்டு, ஓடி முடித்தபின் குடிக்க வைத்துக்கொள்ளலாம். செம்பு பாட்டிலும் இதே கதைதான். அதில் எலுமிச்சையோ மோரோ ஊற்றவும் கூடாது, புளிப்பு செம்பைக் கரைக்கும்.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, அமுக்கினால் பீய்ச்சுகிற கெட்டி பிளாஸ்டிக் பாட்டில். இன்னொன்று, மெல்லிய பை மாதிரி சுருங்குகிற சாஃப்ட் ஃபிளாஸ்க்.

கெட்டி பாட்டில் மலிவு, உழைக்கும், கழுவுவது எளிது. அதன் பெரிய தொல்லை, பாதி குடித்தபின் உள்ளே தண்ணீர் 'களக் களக்' என்று ஆடுவது. சத்தம்கூடப் பழகிவிடும். ஆனால் அந்த ஆட்டம் ஒவ்வொரு அடியிலும் மணிக்கட்டைக் கொஞ்சம் இழுக்கிறது. சாஃப்ட் ஃபிளாஸ்கில் இது இல்லை. குடிக்கக் குடிக்க அது சுருங்கிக்கொண்டே வரும், உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. காலியானபின் மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடலாம். ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட் ஃபிளாஸ்கை நிரப்பி மூடியதும் மேலே கொஞ்சம் காற்று நின்றுவிடும், அதுவும் ஆடும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராக வைத்து, வால்வைத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறி ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை அமுக்கிவிட்டு வால்வை மூடுங்கள். அவ்வளவுதான், சத்தம் அடங்கிவிடும்.

சாஃப்ட் ஃபிளாஸ்குக்கும் குறை உண்டு. முழுதாக நிரம்பியிருக்கும்போது கையில் நன்றாக நிற்கும், பாதி ஆனதும் தொய்ந்து பட்டைக்குள் நழுவும். பட்டையோடு சேர்ந்து வருகிற வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஜாக்கெட் பைக்காகச் செய்த நீளமான வகையைக் கையில் பிடிக்க வாங்கினால் கட்டாயம் எரிச்சல்தான். விலையும் கூட. கெட்டி சிப்பர் சில நூறு ரூபாயில் முடியும், பட்டையோடு வரும் நல்ல சாஃப்ட் ஃபிளாஸ்க் ஆயிரத்தைத் தாண்டும். சமதரையில் மட்டும் ஓடுகிறவர் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.

வாய்ப் பகுதி இரண்டு மூன்று விதமாக வருகிறது. பல்லால் இழுத்துத் திறந்து, குடித்தபின் அழுத்தி மூடுகிற பழைய சிப்பர் மூடி ஓட்டத்துக்கு மகா மோசம். மூட மறந்தால் காலெல்லாம் தண்ணீர், மூடினால் மறுபடி பல்லுக்கு வேலை. ரப்பர் முலைபோல் இருந்து, கடித்தால் திறந்து விட்டால் தானாக மூடிக்கொள்ளும் வால்வுதான் நல்லது. மூச்சு வாங்கும்போது கடிப்பதுகூடச் சிரமம் என்பவர்களுக்கு, கையால் அமுக்கினாலே பீய்ச்சும் வால்வு இருக்கிறது. பாட்டிலை உதட்டில் வைக்காமல் வாய்க்குள் பீய்ச்சிக் கொள்ளலாம். எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்த நமக்கு இது உடனே பழகிவிடும், பக்கத்தில் ஓடுகிறவருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். வாய் அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் நுழைந்து உள்ளே துடைக்க முடிகிற, ஒரு ஐஸ் கட்டி இறங்குகிற அளவு இருந்தால் நல்லது.

எவ்வளவு தண்ணீர், யாருக்கு

இப்போது கொள்ளளவுக்கு வரலாம். இதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது, ஏனென்றால் வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இரண்டு பேரில் ஒருவர் மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பார், இன்னொருவர் ஒன்றரை லிட்டர். உங்கள் அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடக் கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதே உடையோடு மறுபடி பாருங்கள். போகும்போது 62 கிலோ, வரும்போது 61.1, நடுவில் குடித்தது 300 மில்லி என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 900 கிராமோடு குடித்த 300-ஐச் சேர்த்தால் மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை பார்த்து வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும்.

அதற்காக வியர்த்த அவ்வளவையும் ஓடும்போதே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்வது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-ல் தந்த வழிகாட்டுதல். 62 கிலோ ஆளுக்கு அது ஒன்றேகால் கிலோ. மேலே சொன்னவர் ஒரு மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் ஓடினாலும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் விடியற்காலை ஐந்து கிலோமீட்டருக்குப் பாட்டில் தேவையில்லை என்று சொல்கிறேன். கிளம்பும் முன் ஒரு டம்ளர், திரும்பியதும் இரண்டு டம்ளர், சரி. தொண்டை காய்வது பிடிக்காதவர்கள் 250 மில்லி பாட்டிலை எடுத்துப் போகலாம். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அரை லிட்டர் கையில் இருப்பது நல்லது. அதற்கு மேல் கொள்கிற கைபாட்டிலை யாருக்கும் சொல்ல மாட்டேன். கையின் நுனியில் முக்கால் கிலோ என்பது ஓட்டத்தையே மாற்றிவிடும்.

குறைவாகக் குடிப்பதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அதிகமாகக் குடிப்பதால் வரும் ஆபத்தைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வியர்வையில் தண்ணீரோடு சோடியமும் போகிறது. மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே வெறும் தண்ணீரை வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அப்போது செல்கள் தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கும். மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அதற்கு வீங்க இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே வாங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே ஓட்டத்தை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. 2005-ல் வெளியான அந்த ஆய்வு சுட்டிக்காட்டிய முக்கிய அடையாளம், ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தது. ஓடினால் எடை குறைய வேண்டும், கூடினால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம். மெதுவாக, நெடுநேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். முதல் தடவை ஏற்காடு ஏறுகிற புதியவரிடம் "நிறையக் குடி, நிறையக் குடி" என்று சொல்லி அனுப்புவது அன்பினால்தான். ஆனாலும் அது சரியான ஆலோசனை ஆகாது. தாகம் எடுக்கும்போது குடி என்பதுதான் இன்றைய மருத்துவ நிபுணர்களின் பொதுவான கருத்து.

கைபாட்டில் இதற்கு நன்றாக உதவுகிறது. ஒரு வாய் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 30 மில்லி. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் குடித்தால் மணிக்கு 400 மில்லி சுற்றி வந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். தண்ணீர்ப் பந்தலில் நின்று ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துவிட்டு, வயிற்றில் தண்ணீர் குலுங்க ஓடும் அவஸ்தையும் கிடையாது.

மலைப்பாதையில்

ஏற்காட்டு ஏற்றத்துக்கு நிதானமாக ஓடுகிறவருக்கு இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். மணிக்கு அரை லிட்டர் என்றாலே ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் வேண்டும். ஆக கையில் இருக்கும் ஒரு அரை லிட்டர் பாட்டில் உங்களை மேலே கொண்டுபோய்ச் சேர்க்காது. வழியில் கடைகளை நம்பிப் போகவும் முடியாது, அதிகாலையில் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நண்பர் யாராவது பைக்கில் வந்தால் பாதி வழியில் ஒருமுறையும் மேலே ஒருமுறையும் நிரப்பிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கைக்கு ஒரு பாட்டில், இடுப்புப் பட்டையிலோ மார்புப் பையிலோ மடித்து வைக்கிற சாஃப்ட் ஃபிளாஸ்க் இரண்டு என்று கிளம்ப வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் பையில் இருப்பதை எடுத்துப் பட்டைக்குள் மாட்டிக்கொள்ளலாம், எடையும் கையில் அளவோடு இருக்கும். சுனையிலிருந்தோ ஓடையிலிருந்தோ அப்படியே பிடித்துக் குடிக்காதீர்கள். மேலே எஸ்டேட்டும் ஆட்களும் மாடுகளும் இருக்கிற மலை இது.

ஏறும்போது மூச்சு வாங்கும். விழுங்கும் நேரத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும், அதனால் மூச்சிரைக்கிற இடத்தில் குடித்தால் புரையேறும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம்தான் பாதையிலேயே செங்குத்தான இடம். அங்கேதான் பஸ்ஸும் அகலமாகத் திரும்பும். ஆகவே வளைவில் பாட்டிலைத் தொடாதீர்கள். வளைவு முடிந்து சரிவு கொஞ்சம் தணிந்ததும், பத்து அடி நடந்து, ஒரு வாய் வாங்கி வாயிலேயே வைத்து, மூச்சை வெளியே விட்டபின் விழுங்கினால் சிரமமில்லை. வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறது. இரண்டு வளைவுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் பார்க்கவே வேண்டாம். கையையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

உயரம் ஏறஏறக் குளிர்ச்சி கூடும், ஆயிரம் மீட்டருக்கு சுமார் 6 டிகிரி குறையும். பனிமூட்டத்துக்குள் நுழைந்ததும் தாகமே இல்லாததுபோல் இருக்கும், சட்டையோ தொப்பலாக நனைந்திருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் குடித்துக்கொள்ளலாம் என்று பாட்டிலை மறக்கிற இடமும் இதுதான். இறங்கியும் ஓடப் போகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இறக்கத்தில் தடுக்கி விழுந்தால் கைதான் முதலில் தரையில் ஊன்றும். இரண்டு கையிலும் கெட்டி பாட்டில் கட்டியிருந்தால் சரியாக ஊன்ற முடியாமல் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். இறங்கும்போது ஒரு கையாவது காலியாக இருக்கட்டும்.

ஏற்காட்டிலேயே தங்கி ஓடுகிறவர்களுக்கு ஏரியைச் சுற்ற பாட்டில் தேவையில்லை. சுமார் 32 கி.மீ. லூப் ரோட்டில் இறங்குவதானால் தேவை, ஆனால் அங்கே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஊர்களும் டீக்கடைகளும் வந்துகொண்டே இருக்கும். கேட்டால் பாட்டிலை நிரப்பித் தருவார்கள். கொதிக்கவைத்த தண்ணீரா என்று கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் தின்பண்டம் போட்டுப் பழக்கியதால் கையில் பளபளவென்று எது தெரிந்தாலும் அவை கிட்டே வரும். நிறமுள்ள குளிர்பானம் தெரிகிற பாட்டில் என்றால் இன்னும் ஆசை. துணி உறை போட்ட பாட்டிலும், புறங்கையில் இறுகக் கட்டிய பட்டையும் இதற்கு நல்ல பாதுகாப்பு. கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று குடிக்காமல், அவற்றின் கண்ணைப் பார்க்காமல் நடந்து தாண்டிவிடுங்கள்.

உள்ளே என்ன ஊற்றுவது

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர்தான், வேறெதுவும் வேண்டாம். அதைத் தாண்டி மலையேறும்போது கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் உதவும். லிட்டருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பது வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் கரைசலின் அளவு. அரை லிட்டர் பாட்டிலுக்கு அதில் பாதி, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையும் கால் டீஸ்பூன் உப்பும். எலுமிச்சை பிழிந்தால் குடிக்க நன்றாக இருக்கும், விதையை வடிகட்டிவிடுங்கள், வால்வில் மாட்டிக்கொள்ளும். ஓட்டம் முடிந்து சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிற ஆட்களுக்கு இது கட்டாயம் உதவும். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீர்மோர் ஓட்டத்துக்குப் பின் அருமையான பானம், ஆனால் பாட்டிலில் வேண்டாம். கையின் சூட்டில் புளித்து, வால்வின் இடுக்கில் திப்பி தங்கி, அந்த வாடை போகவே போகாது. இளநீரும் முடித்தபின்தான்.

கோடையில் கெட்டி பாட்டிலைப் பாதி நிரப்பி இரவே ஃப்ரீசரில் படுக்க வைத்துவிட்டு, காலையில் மீதியைத் தண்ணீர் ஊற்றிக் கிளம்புவது நல்ல வழக்கம். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் நாமே விரும்பிக் குடிப்போம். உள்ளங்கையிலும் ஒரு லாபம் உண்டு. அங்கே தோலுக்கடியில் ரத்தத்தை நிறையக் கொண்டுவந்து சூட்டை வெளியேற்றும் தனி வகை ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. குளிர்ந்த பாட்டில் உள்ளங்கையில் படும்போது உடம்பு முழுவதும் இதமாகத் தோன்றுவது வெறும் மனப்பிரமை இல்லை. ஆனால் உறைந்த பனிக்கட்டியாகவே கையில் பிடித்தால் அந்தக் குழாய்கள் சுருங்கிவிடும், லாபம் போய்விடும். துணி உறை இருப்பது இங்கேயும் உதவுகிறது.

கழுவுவது

சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலை அப்படியே மேடையில் வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் வால்வு முழுக்க எறும்பு. எறும்பாவது கண்ணுக்குத் தெரியும். வால்வின் ரப்பருக்கும் மூடிக்கும் நடுவே கறுப்பாகப் படியும் பூஞ்சை அதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், பலர் கழற்றுவதே இல்லை. ஓடி வந்ததும் குளிக்கப் போகும் முன் பாட்டிலையும் வால்வையும் தனித்தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் வால்வைத் தேயுங்கள். சாஃப்ட் ஃபிளாஸ்கில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ஒட்டிய ஓரம் விட்டுப்போகும். அதன் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே காயாது. ஒரு மரக்கரண்டியின் காம்பை உள்ளே விட்டுக் கவிழ்த்து நிறுத்தினால் காற்றுப் போய்க் காய்ந்துவிடும். காயவைக்க நேரமில்லாதவர்கள் காலி ஃபிளாஸ்கை ஃப்ரீசரில் போட்டுவைக்கலாம், குளிரில் பூஞ்சை வளராது.

பட்டையையும் மறக்கக் கூடாது. சட்டைக்குச் சமமாக வியர்வை குடிக்கிற பொருள் அது. துவைக்காமல் விட்டால் வாடை அடிப்பதோடு, உப்பு ஏறி விறைத்துப் புறங்கைத் தோலைக் கீறும். வெல்க்ரோவில் நூலும் தூசியும் சேர்ந்தால் பிடி தளரும், ஊசியால் கிளறி எடுத்துவிடலாம். பாட்டிலில் முதலில் கெடுவது வால்வுதான். கடித்துக் கடித்து ரப்பர் கிழிந்து சொட்ட ஆரம்பிக்கும். பல நிறுவனங்கள் வால்வை மட்டும் தனியாக விற்கின்றன, பாட்டில் வாங்கும்போதே அதே அளவில் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.